தொப்பி மடிப்பில் தைத்தது

சாம்பியன் ரீப்ஸ்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

குடியாத்தத்தில் மகன் மருமகளோடு இருக்கும் தங்கை பாக்யலட்சுமிக்கு, அக்கா நாகம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் மாமா சுகம், கோழி ரெண்டும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். எழுதுவதில்லை. ஆகையால் சுகம் என்றே வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் உதவி கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தொண்ணூற்றி ஆறாம் வருஷம் ஆவணி மாசம், என் மகள் லதா சீமந்தத்தில், புளிசோத்துல நான் ரெண்டாம் தடவை உப்பு போட்டதுக்கு, பச்சைப் புடவை கட்டிக்கினு, சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேர் முன்னாடி, "அக்கா, தெரியாத வேலையில கைய வெக்காத"ன்னு சொன்னியே, அதை மறந்துட்டேன்னு நினைச்சுக்காத. ஆனா நீ ஆஸ்பத்திரி வார்டுல முப்பது வருஷம் ஆயாவா இருந்தவ, எத்தனையோ தலைவலியைப் பார்த்திருப்ப. எனக்கு வேற ஆள் இல்ல.

விஷயம் என் பேரன் கதிர். தினம் ரயில்ல பெங்களூர் போய் லிப்ட் மாட்டற வேலை பார்க்கறான் இல்ல, அவன். போன வாரம் அவன் பொண்டாட்டி பவ்யா, குழந்தை நிவேதாவுக்கு பவுடர் போடலாம்னு டப்பாவைத் திறந்தா உள்ள கஞ்சாப் பொட்டலம். அவ அழல, கத்தல. குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கினு, "முப்பது நாள் இதைத் தொடாம இரு, வர்றேன். தொட்டா குழந்தைக்கு அப்பா பேரு மட்டும்தான் நீ"ன்னு சொல்லிட்டு பங்காரப்பேட்டையில அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இவனும் அன்னைக்கே விட்டுட்டான். நானும் சும்மா இல்ல. போதைன்னா எல்லாம் போதைதானேன்னு வீட்டுல இருந்த டீத்தூள் காபித்தூள் எல்லாத்தையும் பக்கத்து வீட்டு ஐடாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். வெளியிலயும் குடிக்க மாட்டேன்னு நிவேதா பேருல சத்தியம் வாங்கினேன். ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் டீ குடிக்கற பையன், மறு பேச்சு பேசாம சீரகத்தண்ணி குடிச்சான். நான் வளர்த்த வளர்ப்பு.

ரெண்டாம் நாளே தலைவலி புடிச்சிக்கிச்சு. "தலைக்குள்ள ஷிப்ட் நடக்குது பாட்டி, டிரில் போடறானுங்க"ன்னு சிரிச்சுக்கினே சொன்னான். அப்புறம் சிரிப்பும் நின்னுபோச்சு. சுக்கு அரைச்சுப் பத்து போட்டேன், தைலம் தடவினேன், வெந்நீர்ல காலை வெக்கச் சொன்னேன், ஒண்ணும் கேக்கல. எங்க தெரு சரோஜம்மா வூட்டுக்காரர் ஷிப்ட் முடிச்சு வந்து "தலை வலிக்குது"ன்னு படுத்தவர் எழுந்திருக்கவே இல்ல, அந்தப் பாயைக்கூட எனக்கு ஞாபகம் கீது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவன் தூங்கறப்போ, மூச்சு வருதான்னு மூக்காண்ட டம்ளரை வெச்சுப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "இன்னா பாட்டி, செத்துட்டேனான்னு பார்க்கறியா?"ன்னான். டம்ளர் நழுவி அவன் நெத்தியிலேயே விழுந்துடுச்சு.

அப்பத்தான் உன் மாமா வாயைத் திறந்தார். அவர் தங்கச் சுரங்கத்துல வெடி வெச்சவர். வெடிமருந்து தொடறவங்களுக்கு முதல்ல மண்டை பிளக்கும், பழகினா போயிடும், லீவு விட்டுட்டு திரும்ப இறங்கினா மறுபடி பிளக்கும். அதுக்காக மருந்து சுத்தின காகிதத்துல ஒரு துண்டு கிழிச்சு தொப்பி மடிப்புல வெச்சுக்குவாங்க, லீவுலயும் வாசனை விட்டுப்போகாம. அந்த மடிப்பைத் தைச்சுக் குடுத்தவளே நான்தான். "இவனுக்கும் அதே கேஸுதாண்டி, மண்டைக்கு கொஞ்சம் வாசனை காட்டணும்"னார். எனக்கும் நியாயமாப் பட்டுச்சு. பவ்யா தொடக்கூடாதுன்னுதானே சொன்னா? அவன் தொடப்போறதில்லயே, நான்தானே தொடறேன். அந்தப் பவுடர் டப்பாவை, பொட்டலத்தோட, சாட்சிக்கு இருக்கட்டும்னு அரிசி டின்னுக்குப் பின்னாடி எடுத்து வெச்சிருந்தேன். அதுல ஒரு சிட்டிகை எடுத்து, திங்கக்கிழமை காலையில அவன் கம்பெனித் தொப்பி மடிப்புல வெச்சுத் தைச்சுட்டேன். அவனும் தெரியாம போட்டுக்கினு ரயிலுக்குப் போயிட்டான்.

குழாயடியில ஆட்டோ ஆஸ்டின் சாதாரணமா சொல்றான், "பெங்களூர் ஸ்டேஷன்ல இப்போ மோப்ப நாய் வெச்சிருக்காங்க ஆயா." குடத்தை அப்படியே போட்டேன். அவன் ஆட்டோவுலயே ஏறி, கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வுடுடான்னு, வழியெல்லாம் எனக்குத் தெரிஞ்ச சாமி தெரியாத சாமி எல்லாத்தையும் கூப்பிட்டுக்கினே போனேன். வண்டி நின்னுக்கினு இருந்துது. முட்டி வலியோட ஒவ்வொரு ஜன்னலா ஓடி, "கதிரு, தொப்பியக் குடுடா!"ன்னு அவன் தலையிலருந்து புடுங்கிட்டேன். பக்கத்து சீட்டுல யாருன்னு நினைக்கற? பவ்யா அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டு நோயல், இங்க வந்துட்டு ஊருக்குத் திரும்பறான். "தொப்பியில இன்னாம்மா?"ன்னான். "பேனு"ன்னுட்டேன்.

வண்டி போனப்புறம் கதிர் போன்ல கேட்டான், உண்மையைச் சொல்லிட்டேன். "எட்டு நாள் தொடாம இருந்தேன் பாட்டி"ன்னான். அவ்வளவுதான், வெச்சுட்டான்.

நேத்து சாயந்திரம் வந்தவன் சாப்பிடல. இன்னைக்கு லீவு போட்டுட்டு, தலையில என் பழைய புடவைக் கிழிசலைக் கட்டிக்கினு செவுத்தைப் பார்த்துப் படுத்திருக்கான். நோயல் சொல்லிடுவான், பவ்யா வரமாட்டா, வலி தாங்காம இவன் மறுபடி அதையே தேடிப் போவான். எனக்குப் பயமா இருக்குடி. தலைவலிக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, அது எதுன்னு கேட்டு வாங்கிக்கினு உடனே புறப்பட்டு வா. பவ்யாகிட்டயும் நீ பேசு, உன் பேச்சை எல்லாரும் கேக்கறாங்க, ஏன்னு எனக்குத் தெரியல.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க அக்காவின் ஆசீர்வாதம். உன் மருமகளுக்கும் சொல்லவும், அவள் போன தீபாவளிக்கு என்னை விசாரிக்காவிட்டாலும்.

இப்படிக்கு,
நாகம்மா.

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள பவ்யா வந்துட்டா, குழந்தையோட. நோயல் சொல்லியிருக்கான். வாசல்லயே நின்னு, "தொப்பியில இன்னா?"ன்னு கேட்டா. நான் பேனுன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள கதிர் எழுந்து உக்காந்து ஒண்ணு விடாம சொல்லிட்டான். அவ டப்பாவைக் கேட்டு வாங்கி கக்கூஸ்ல கொட்டி ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினா. அப்புறம் "டீத்தூள் எங்க ஆயா?"ன்னா. பெருமையா சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. ஐடா வீட்டுல டீத்தூள் வாங்கிவந்து ரெண்டு கிளாஸ் போட்டுக் குடுத்தா, நாலு மணிக்கெல்லாம் தலைவலி இறங்கிடுச்சு. இப்போ குழந்தையைத் தோள்ல வெச்சுக்கினு பிரியாணி கேக்கறான். மிச்சம் இருபத்தோரு நாளை இங்கேயே இருந்து எண்ணறாளாம். அதனால மேலே எழுதினது ஒண்ணும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். வர்றதானா சும்மா வா. ஆனா சீமந்தத்துல சொன்ன அந்தப் பழைய வார்த்தையை மட்டும் சொல்லாத. இன்னைக்கு பவ்யா அதை அப்படியே சொல்லிட்டா, பச்சைப் புடவைதான் கட்டல.