துண்டுக்கு அடியில் இரண்டு விரல்

எனக்கு ஒரு வியாதி இருந்தது. தெரியாத விஷயத்தைக் கேட்டாலும் தெரியும் என்று தலையாட்டிவிடுவேன். இப்போது பெரும்பாலும் குணமாகிவிட்டது. குணமாவதற்கு ஒரு குத்துச்சண்டைச் சாம்பியன் பட்டமே செலவாயிற்று. அதுவும் என்னுடைய பட்டமில்லை, பாலக்கரை சவரிமுத்துவினுடையது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை பாலக்கரையில். ஓர் இரும்புக் கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் போவேன். அந்தச் சைக்கிள் என்னிடம் வருவதற்குள் மூன்று எஜமானர்களைப் பார்த்துக் களைத்திருந்தது. வாரத்துக்கு இரண்டு பஞ்சர் நிச்சயம். அப்படி ஒட்டப் போன இடத்தில்தான் சவரிமுத்து பழக்கமானார்.

பகலில் அவர் சைக்கிள் கடை மெக்கானிக். திருவிழாவும் பொருட்காட்சியும் வந்தால் குத்துச்சண்டை வீரர். அரிசி மண்டித் தராசில் ஒரு தட்டில் மூட்டையையும் மறு தட்டில் அவரையும் வைத்தால் அவர் பக்கம்தான் தாழும். பாலக்கரை சைக்கிள் வியாபாரிகள் கூடி அவரைத் 'திருச்சி ஜில்லா ஹெவிவெயிட் சாம்பியன்' ஆக்கி, பித்தளைத் தகடு வைத்த தோல் பெல்ட் ஒன்றையும் கட்டிவிட்டிருந்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், மருங்காபுரியில் பெரியண்ணன் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் குத்துச்சண்டை பழகி, ஊர் திரும்பிச் சோளம் விதைத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பக்கத்துப் பொருட்காட்சி ஒன்றில் அவருக்கும் இதே பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள், பெல்ட்டோடு. ஒரு ஜில்லா, இரண்டு சாம்பியன்கள். இருவருடைய போஸ்டரையும் ஒரே சுவரில் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாலக்கரையில் கொட்டகை போடும் பாய் ஒருவர் இதில் வியாபாரத்தைக் கண்டார். இருவரும் மோதட்டும், ஜெயித்தவருக்கு இரண்டு பெல்ட்டும், ஜில்லாவுக்கு ஒரே சாம்பியன் என்றார்.

"ஆயிரம் ரூபா தர்றேன். அதுக்கு மேல ஒரு தம்பிடி கிடையாது. ஜெயிச்சாலும் தோத்தாலும் ஆளுக்கு எவ்வளவுன்னு நீங்களே பேசி முடிச்சுக்கிட்டு வாங்க. அந்தத் தலைவலி எனக்கு வேணாம்" என்றார்.

சவரிமுத்துவுக்கு இது வெறும் சண்டையில்லை. அவருடைய இடது கண்ணைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வருஷம் குத்து வாங்கினால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அவர் மனைவி பிலோமினா, இதுதான் கடைசி என்று மாதா கோயிலில் அவரைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாள். கடை முதலாளிக்கும் வயதாகிவிட்டது. ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தால் கடையை சவரிமுத்துவிடமே விட்டுவிடத் தயாராக இருந்தார். ஆயிரத்தில் பாதி கிடைத்தால் கடை, இல்லாவிட்டால் மறுபடி குத்து. விஷயம் இவ்வளவுதான்.

இதற்குள் நான் எப்படி வந்தேன்? வாயால்தான். ரீடிங் ரூமில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, பஞ்சர் ஒட்டி முடியும்வரை சவரிமுத்துவிடம் அளந்துகொண்டிருப்பேன். அமெரிக்காவில் சண்டைக்கு முன்னால் மானேஜர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எப்படிப் பங்கு பேசுவார்கள், எந்தச் சாம்பியன் அறுபது சதவீதம் கேட்டு அடம்பிடித்தான், எல்லாம். (நான் வாழ்நாளில் ஒருவரையும் குத்தியதில்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவேன்.)

"மருங்காபுரிக்காரங்க சார்பா பெரியண்ணனோட தாய்மாமன் நல்லுச்சாமி பேசுறாராம். மாட்டுத் தரகர். நம்ம பக்கம் நீங்க பேசுங்க சாமி. படிச்சவங்க நீங்க" என்றார் சவரிமுத்து.

"அறுநூறுக்குக் குறையாமல் வாங்கிண்டு வரேன்" என்றேன். அவர் ஐநூறு போதும் என்றார். அறுநூறு என்று மறுபடி சொன்னேன்.

பெரிய மானேஜர் என்றால் கையில் மோதிரம் வேண்டாமா? அத்திம்பேரிடம் போய் நின்றேன். அக்காவின் கணவர், எங்கள் வீதியிலேயே குடியிருந்தார்.

"மோதிரம் எதுக்குடா?"

"ஒரு பெரிய மனுஷாளைப் பார்க்கப் போறேன், அத்திம்பேர்."

"உத்தியோக விஷயமா? பேஷ், பேஷ். பெருமாள் கிருபையில நன்னா முடியட்டும்" என்று பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாட்டுத் தரகரிடம் குத்துச்சண்டைப் பங்கு பேசத்தான் அந்த ஆசீர்வாதம் என்று தெரிந்திருந்தால் மோதிரத்தோடு என்னையும் காவிரியில் முக்கியிருப்பார். மோதிரம் என் விரலுக்குப் பெரியது. நூல் சுற்றி இறுக்கிக்கொண்டேன். டை கட்டி, தோல் பையில் நான்கு பக்கப் பேச்சு எழுதி வைத்து, பஸ் ஏறினேன்.

மருங்காபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டை என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். சுற்றிலும் இருபது பேர். பெரியண்ணன் ஓரமாக நின்று என் டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லுச்சாமிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை மீசை, தோளில் பெரிய துண்டு.

"வாங்க தம்பி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க" என்றார். குடித்தேன். பிறகு அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார்.

"துண்டு போட்டுப் பேசிருவமா? பழக்கம் உண்டுல்ல தம்பி?"

இந்த இடத்தில் 'தெரியாது' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இருபது பேர் பார்க்கிறார்கள். விரலில் பச்சைக்கல் மோதிரம்.

"பழக்கமாவா! நாங்களும் இப்படித்தான்" என்றேன்.

(மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். கையோடு கை கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அன்றைய பேரத்தில் அவர் என் கையில் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை நூறு எங்கள் பங்கு. இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, இது ஏதோ கிராமத்து முறைப்படி கைகுலுக்கல் என்று நினைத்துக்கொண்டேன்.)

நல்லுச்சாமி நல்ல மனிதர். எடுத்த எடுப்பில் என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். சரிபாதி! சவரிமுத்து கேட்ட ஐநூறு! ஆனால் முப்பது வருஷம் மூக்கணாங்கயிறு இழுத்த கை அது. அழுத்திய அழுத்தில் அத்திம்பேரின் மோதிரம் என் எலும்பைக் கடித்தது. வலி தாங்காமல் மோதிர விரலை உருவினேன். அதோடு சுண்டுவிரலும் கட்டை விரலும் வந்துவிட்டன. அவர் கையில் மிச்சம் இரண்டு விரல்.

அவர் புருவம் உயர்ந்தது. "தம்பி?" என்றார்.

ஆள் அசந்துவிட்டார் என்று நினைத்தேன். பத்திரிகையில் படித்த மானேஜர்கள் போல முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அவர் மறுபடி ஐந்து விரலையும் தேடிப் பிடித்தார். மோதிரம் மறுபடி கடித்தது. மறுபடி மூன்றை உருவினேன்.

"நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா தம்பி?"

"எங்கள் பக்கம் யோசனை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது" என்றேன்.

மூன்றாவது தடவை நான்கு விரலைப் பிடித்துப் பார்த்தார். அதிலும் மோதிர விரல் இருந்தது. நான் இரண்டிலேயே நின்றேன். நல்லுச்சாமி பெருமூச்சு விட்டுத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சுது" என்றார். கூட்டம் கலகலவென்று எழுந்தது.

நான் பையைத் திறந்து நான்கு பக்கத்தையும் வெளியே எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லது. இப்போது பேச்சுவார்த்தையை ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

எழுந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு நல்லுச்சாமி மெதுவாகச் சொன்னார்: "பேசி முடிச்சாச்சே தம்பி. உங்க ஆளுக்கு எரநூறு, எங்க ஆளுக்கு எண்ணூறு."

இதுவரை நான் செய்தது முட்டாள்தனம். இதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். அப்போதுகூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த முறை தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்றால் அந்த மனிதர் நிச்சயம் மறுபடி துண்டை விரித்திருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம், ஆமாம், எழுத்து வேலையைத்தான் சொன்னேன்" என்றேன். என் கையாலேயே, அழகான இங்கிலீஷில், இருநூறு எண்ணூறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரு பொய்யைத் தயார் செய்தேன். சைக்கிள் கடைக்குப் போனால் பிலோமினாவும் அங்கேதான் இருந்தாள். கையில் கணவருக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு.

"தரகர் ஏமாத்திட்டார்" என்று ஆரம்பித்து, துண்டு, விரல், இருநூறு எல்லாம் சொல்லி முடித்தேன்.

சவரிமுத்து கையிலிருந்த டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே இருந்தார். பிலோமினாதான் கேட்டாள்: "பழக்கம் உண்டான்னு அவரு உங்கள ஒரு வார்த்தை கேக்கலியா?"

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாதுன்னு சொன்னா உங்க வாய் வெந்தா போயிரும் சாமி? அவரு கண்ணை வெச்சுல்ல நீங்க பெரிய மனுஷன் ஆயிட்டு வந்திருக்கீங்க!"

என்னை அதற்கு முன்போ பின்போ யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. போய்ச் சொல்லிப் பேரத்தை மாற்றிவிடுகிறேன் என்று உளறினேன். சவரிமுத்து தலையை ஆட்டினார்.

"துண்டுக்கு அடியில கை குடுத்தாச்சு சாமி. இனி மாத்திக் கேட்டா பாலக்கரைக்குத்தான் அசிங்கம். விடுங்க. சைக்கிள்ல காத்து இருக்கா?" என்றார். அந்த நிலைமையிலும் என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. கொட்டகை நிறைந்திருந்தது. நான் சவரிமுத்துவின் மூலையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். பெரியண்ணன் நேர்மையான குத்துக்காரர். அவருடைய வலது கை சவரிமுத்துவின் இடது கண் பக்கம் போகும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் சண்டையில் பாதியை நான் பார்க்கவேயில்லை. கடைசி ரவுண்டு முடிந்து சவரிமுத்துவின் கையைத் தூக்கினார்கள். இடுப்பில் இரண்டு பெல்ட், ஜில்லாவுக்கு ஒரே சாம்பியன், கையில் இருநூறு ரூபாய். பிலோமினா முதலில் அவர் கண்ணைத்தான் பிடித்துப் பார்த்தாள். கண் தப்பித்திருந்தது.

அப்போது நல்லுச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னால் உதடு வீங்கிய பெரியண்ணன்.

"முடிஞ்ச பேரம் முடிஞ்சதுதான், அத நான் தொட மாட்டேன்" என்றார் சவரிமுத்துவிடம். "இது வேற பேரம். பெல்ட் இல்லாம எங்க ஊருக்குள்ள எங்களால போக முடியாது. எங்க பெல்ட்ட எங்களுக்கே வித்துருங்க. துண்டு போடவா?"

நான் என்னை அறியாமல் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"நீங்க கைய பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நில்லுங்க சாமி!" என்றாள் பிலோமினா. போட்டுக்கொண்டேன்.

துண்டு விரிந்தது. நல்லுச்சாமி ஒரே ஒரு தடவை பிடித்தார். சவரிமுத்து எந்த விரலையும் உருவவில்லை. துண்டை எடுத்ததும் நல்லுச்சாமி மருமகனிடமிருந்து நோட்டுகளை வாங்கி, எல்லோர் முன்னாலும் எண்ணி வைத்தார். முன்னூறு. சவரிமுத்து ஒரு பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

"அரே, இப்பத்தானே ஒண்ணாக்கினேன்!" என்று கொட்டகை பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜில்லாவுக்கு ஒரே சாம்பியன் இருந்தது கால் மணி நேரம்கூட இல்லை.

போகும்போது நல்லுச்சாமி என் பக்கம் வந்தார். "அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான் தம்பி. ஆனா தெரியும்னு சொன்னவர நான் எப்படி தெரியாதவராக்குறது?" என்றார்.

சவரிமுத்து மறுவாரமே கடையை எடுத்துக்கொண்டார், அப்புறம் கையுறை மாட்டவில்லை. என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வழக்கமான காசுதான் வாங்கினார். சலுகை காட்டியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாயிற்று. என் மனைவி வேதா முதல் தடவை அந்தக் கடைக்கு வந்தபோதே பிலோமினா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து கத்தரிக்காய்க்காரரிடம் பேரம் என்றாலும் வேதா திரும்பிப் பார்த்து, "கையைப் பாக்கெட்டில போட்டுக்கோங்கோ" என்பாள். நானும் போட்டுக்கொள்வேன்.

எங்கள் பெண்ணின் கல்யாணப் பேச்சின்போது, பிள்ளையின் அப்பா எழுந்து என்னிடம் கையை நீட்டினார். பழக்க தோஷம். என் இரண்டு கைகளும் தாமாகவே பாக்கெட்டுக்குள் போய்விட்டன. மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தமே முறிந்துவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல், மனைவியும் மகளும் கேட்டுக்கொண்டிருக்க, மருங்காபுரிக் கதையை முதல் தடவையாக நானே என் வாயால், ஒன்றையும் மறைக்காமல், எழுத்து வேலை என்று புளுகியதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் என் சம்பந்தி வீட்டுக்கு வந்தால் எனக்கு இரண்டு விரலைத்தான் நீட்டுவார். நான் பிடித்துக் குலுக்குவேன்.