தாஜ்மகாலுக்குப் போட்ட ஓட்டு

மாசானம் தாஜ்மகாலுக்குப் போட்ட ஓட்டு எகிப்து பிரமிடுக்கு விழுந்துவிட்டது.

விரல் வைத்தது என்னவோ சரியான படத்தில்தான். அந்த நேரம் பார்த்துப் படம் நழுவிவிட்டது. "ஏ சவமே!" என்று போனைத் திட்டினார். போன் அவருக்கு நன்றி சொன்னது.

உலகத்தின் பெரிய சின்னங்களைக் காப்பாற்ற மக்கள் ஓட்டெடுப்பு. ஜெயிக்கிற சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, ஜோடியாக இலவசமாய் அங்கே கூட்டிப்போவார்களாம். மும்பை தாராவியில் மளிகைக்கடை நடத்தும் மாசானத்துக்குச் சின்னத்தைப் பற்றியா கவலை? கல்யாணமான புதிதில், "ஒனக்குத் தாஜ்மகாலக் காட்டுதேன்" என்று அன்னத்தாயிடம் வாய் கொழுத்துச் சொல்லிவிட்டார். அப்புறம் கடை, பிள்ளைகள், மகள் கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போனதில் அவளுக்கு முட்டிவலி வந்துவிட்டது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஒரு நம்பருக்கு ஒரே ஓட்டு. சரி, அவள் நம்பரைப் போட்டால் ஆச்சு! போட்டார். ஓடிபி அவள் போனுக்குப் போய்விட்டது. காரணம் சொல்லிக் கேட்டால் ரகசியம் உடைந்துவிடும். டீக்கடை பஞ்சுவின் போனை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஓடிபியைச் சொல்லச் சொல்லி ஹிந்தியில் பேசினார்.

"மேடம், ஓடிபி போலியே."

"கோன் ஹை ரே?" யாரென்று அவளும் ஹிந்தியிலேயே கேட்டாள்.

"சர்க்காரி ஆபீஸ். ஏக் மினிட், மேடம்."

அன்னத்தாய்க்கு ஹிந்தி அதோடு தீர்ந்துபோனது. "எடு செருப்ப! வெளங்காத மூதி, ஒம் பொண்டாட்டிகிட்டப் போயிக் கேளுல!"

அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

சற்று நேரத்தில் அவளே முட்டிவலியோடு கடைக்கு வந்துவிட்டாள். கூடவே, வாஷியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஷாலினி.

"கெளம்புங்க, போலீஸ் சௌக்கிக்குப் போவோம். ஒரு களவாணிப்பய ஓடிபி கேக்கான்."

"எவனாவது கிறுக்கனா இருப்பான், விடு."

"விடுததா? அந்தக் கொரல எங்க கேட்டாலும் பிடிச்சிருவேன்."

அப்போதுதானா ஒரு அம்மா வந்து பெருங்காயம் கேட்க வேண்டும்! அந்த டப்பாவைத் திறந்தாலே மாசானத்துக்குத் தும்மல் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டே, "ஏக் மினிட், மேடம்" என்றார்.

அன்னத்தாய் மெல்லத் திரும்பினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

மாட்டிக்கொண்டார். பிரமிடு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தப்பு எம்மேலதான் அன்னம். காலு நல்லா இருக்கும்போதே ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதுக்கா இந்தப் பாடு? ஒழுங்கா யாவாரத்தப் பாருங்க" என்று நிற்காமல் போய்விட்டாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று அவருக்கு மனசு லேசாயிற்று.

"ஒன் நம்பரச் சொல்லு தாயி. அதுலயும் ஒரு ஓட்டுப் போட்ருவோம்" என்றார் ஷாலினியிடம்.

அவள் தயங்கினாள். "மாமா, அத்த போன வருசம் ஊர்க் கோயில் கொடைக்குன்னு சொல்லிட்டு எங்ககூட ஆக்ராவுக்குத்தான் வந்தாங்க. போட்டோ எடுக்கும்போதுகூட, 'அவுக நிக்கதுக்கு எடம் விட்டு எடு தாயி'ன்னு ஓரமாத்தான் நின்னாங்க."