சேற்றுக்கால் சட்டம்

மழையில் குறை சொல்ல முடியாத நாடு அது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் பெய்யும். மண்தான் வேறு வேறு. வடக்கே வெறும் பாறை. விதைத்தால் விதைதான் போகும். அங்கே இருந்தவர்கள் பாறை இடுக்கில் முளைத்த மரத்தை வெட்டிக் கப்பல் கட்டினார்கள், மீன் பிடித்தார்கள். நடுவில் செம்மண், சோளம் விளைந்தது. தெற்கே சதுப்பு. நெல் கொழிக்கும். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும், அட்டை கடிக்கும், காய்ச்சல் வரும். நிலத்துக்காரர்களுக்கு நெல் பிடித்திருந்தது, தண்ணீர் பிடிக்கவில்லை. அதனால் கடலுக்கு அப்பாலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து இறக்கினார்கள்.

யார் கப்பலில்? வடக்கத்தியார் கப்பலில். அந்த ஆட்கள் தின்றது நடுநாட்டுச் சோளமும், வடக்கே நாய்கூட மோந்து பார்க்காத புழுத்த கருவாடும். ஆனால் கேட்டுப் பாருங்கள், எங்கள் மண்ணில் அடிமையே கிடையாது என்று வடக்கத்தியார் நெஞ்சை நிமிர்த்துவார்கள். பாறையில் நிறுத்தி என்ன வேலை வாங்குவது? அதைச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரு சட்டம் வேண்டுமே என்று மண் மந்திரி பூழியனார் சபையைக் கூட்டினார். நல்ல காரியத்துக்கு இத்தனை பேர் கூட வேண்டியதில்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நாம் யாரையும் அடிமையாக்கவில்லை. நிலம் ஆக்கியிருக்கிறது. நிலத்தோடு நாம் சண்டை போட முடியுமா?" என்றார் மந்திரி. சபை கண் கலங்கியது. முழங்கால் வரை சேறு ஏறியவர் அந்தச் சேற்றுக்குச் சொந்தம், சேற்றில் பிறக்கும் பிள்ளையும் சேற்றுக்கே சொந்தம் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து நிலத்துக்காரர்கள் வயலைப் பார்க்கப் பல்லக்கில் போனார்கள். ஒருவர் ஒருமுறை வழுக்கிக் கழுத்து வரை விழுந்தார். அன்று மாலை வரை அந்தச் சேறு சேறு அல்ல என்று அவசர ஆணை வந்தது.

அந்தச் சதுப்பில் மடை பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள். கடலுக்கு அப்பால் அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், இங்கே யாரும் கேட்கவில்லை, மடைக்காரி என்றார்கள். கடல் பொங்கும்போது ஆற்றுத் தண்ணீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு மடைக்கு ஏறும். முதலில் நல்ல தண்ணீர், பின்னாலேயே உப்பு. அவள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் திறப்பாள், மூடுவாள். மூன்று மண்ணின் சோறும் அந்த நாக்கில்தான் இருந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளைச் சேறு எடுத்துக்கொண்டது. அதாவது, பல்லக்குக்காரர்கள் தூரத்து வயலுக்கு விற்றுவிட்டார்கள். மூன்றாவது வயிற்றில் இருந்தது.

சட்டம் மண்ணைத்தானே சொல்கிறது என்று அவள் யோசித்தாள். நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து வடக்கே போய், துறைமுகத்துப் பாறைமேல் ஒரு பெண்ணைப் பெற்றாள்.

வடக்குத் தலைவர் கோவனார் பூரித்துப்போய், பாறையின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு முடிவதற்குள் தெற்கிலிருந்து ஓலை வந்தது. அவளை அனுப்பாவிட்டால் நெல் வராது, கப்பலுக்கும் வேலை இருக்காது. கோவனார் ஓலையை மடித்து வைத்துவிட்டு, அவள் நகத்தை ஊசியால் கிளறச் சொன்னார். கடுகளவு சேறு வந்தது.

"பாத்தீங்களா? பிள்ளை இது மேலதான் பிறந்திருக்கு. பாறைக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"அந்தச் சேறு உங்க கப்பலடியிலயும் இருக்குங்க ஐயா," என்றாள் அவள். "காலையில நீங்க தின்ன சோத்துலயும் இருக்கு."

அவளையும் பிள்ளையையும் தெற்கே போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

அவள் இல்லாத நாட்களில் மடையைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. வயல் வாடிக்கிடந்தது. மந்திரியே கரைக்கு வந்து, தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்.

"இந்தப் பிள்ளை யாருக்கும் சொந்தமில்லன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் நாக்க வைக்கிறேன்."

மற்ற ஆட்களைக் கேட்டார்கள். எங்களுக்கு நாக்கு மரத்துப்போச்சு சாமி என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், இன்றைக்கும் சேறு சேறு அல்ல என்று ஆணை போட்டு, நிலத்துக்காரர்கள் பதினோரு பேர் இறங்கி ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். கரிக்கிறது என்றார்கள் சிலர், இனிக்கிறது என்றார்கள் சிலர். ஓட்டுக்கு விட்டார்கள். ஏழுக்கு நாலு என்று நல்ல தண்ணீர் ஜெயித்தது. தோற்ற நாலு பேரும் பெருந்தன்மையாகக் கூடவே நின்று மடையைத் தூக்கினார்கள். மடைக்காரி பிள்ளையோடு கரைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் ஓட்டை யாரும் கேட்கவில்லை.

கடல் வந்தது. வடிந்து காய்ந்தபோது சதுப்பு முழுக்க உப்புப் பூத்து, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. நடந்தால் காலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சேறே இல்லீங்களே ஐயா. இப்ப நாங்க யாருக்குச் சொந்தம்?" என்று அவள் மந்திரியிடம் கேட்டாள்.

பூழியனார் யோசித்துவிட்டுப் புது ஆணை சொன்னார். இனி மண்ணைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்த்தால் போதும். ஒருமுறை சேறு கண்ட கால் என்றைக்கும் சேற்றுக்கால். அது பிள்ளைக்கும் இறங்கும். வடக்கிலிருந்து கோவனார் மிகுந்த வருத்தத்துடன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

"அன்னைக்கு இறங்கின பதினோரு பேரு காலு?"

"அன்று அது சேறு அல்ல," என்றார் மந்திரி. அதை மட்டும் மறக்கவில்லை.

எழுத்தர் வந்து பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தார். பூமியில் இன்னும் வைக்காத கால். பூப்போல இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சேறு இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.