மெர்சர் ஃப்ளாட்டின் நூறு வருஷத் தூசி

கடைக் கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை குப்பென்று அடித்தது. டெல்பர்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆள் புழங்காத மளிகைக் கடையில் எலுமிச்சை வாசனை வருவதற்கு நியாயமே இல்லை.

உள்ளே அவருடைய மாமியார் வெர்லா ஒரு முக்காலி மேல் ஏறி நின்று பித்தளைத் தராசைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க மாப்பிள்ளை. இப்பதான் தரையைத் துடைச்சு விட்டிருக்கேன்."

டெல்பர்ட் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அதிர்ச்சியில் இருக்கும் மனுஷன் சொன்னதைக் கேட்பான்.

கல்லாப்பெட்டி பளபளத்தது. அலமாரியில் தகர டப்பாக்கள் உயர வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஜன்னல் கண்ணாடி வழியாக எதிரே மலை தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு மலை இருப்பதே கடைக்குள்ளிருந்து இதுவரை தெரிந்ததில்லை.

"அத்தை, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏன், கண்ணு தெரியலையா? பக்கெட் பக்கெட்டா கறுப்புத் தண்ணி! கடைசியா இந்தக் கடையை யாரு துடைச்சது?"

"யாருமே துடைக்கலை அத்தை! அதுதான் இந்த ஊரோட பெருமையே!"

"இதுல பெருமை வேறயா?" என்று வெர்லா துணியை உதறினார்.

பெருமைதான். நெவாடா மலைச்சரிவில் வெள்ளிச் சுரங்கம் வற்றிப்போன ஒரு மார்ச் மாதத்தில் மெர்சர் ஃப்ளாட் ஜனங்கள் மொத்தமாக மூட்டை கட்டினார்கள். தட்டு மேஜையிலும், சரக்கு அலமாரியிலும், காலண்டர் சுவரிலும் அப்படியே நின்றன. பேய் ஊர் என்று பெயர் வந்தது. பிற்பாடு ஓர் அறக்கட்டளை ஊரை வாங்கி ஒரே ஒரு சட்டம் போட்டது. சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம்; மற்றபடி எதையும் புதுப்பிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, தூசி தட்டவே கூடாது.

அந்தச் சட்டத்துக்குக் காவல்காரர்தான் டெல்பர்ட் கிம்சி. எதுவும் செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம். அந்த வேலையை அவர் வருஷக்கணக்காக மிகுந்த சிரத்தையோடு செய்துவந்தார். அவருக்கு முன்னால் இருந்த ஆர்வில் பெரியவர் ஓய்வுபெற்ற அன்று சாவிக் கொத்தைக் கையில் வைத்து அழுத்தி, "தூசியை நீயும் தொடாதே, யாரையும் தொட விடாதே. முக்கியமா சொந்தக்காரங்களை உள்ள விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்பேர்ப்பட்ட பக்தி என்று டெல்பர்ட் அன்று கண் கலங்கினார்.

இன்றைக்குப் பார்த்து ஹாலோவீன். சாயங்காலம் முகமூடியும் வேஷமுமாக ஜனம் வரும். அதற்கு முன்பே கார்லீன் வருகிறாள். அறக்கட்டளையின் தலைவி, ஆர்வில் பெரியவரின் மகள். நகரத்துக் கம்பெனி ஒன்று இந்த ஊரைக் குத்தகைக்குக் கேட்கிறது. அலறும் இயந்திரம், ரப்பர் எலும்புக்கூடு, ரத்தச் சிவப்பு விளக்கு என்று திட்டமெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்களாம். ஊரைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று கார்லீன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெல்பர்ட்டும் மனைவி நோரீனும் காவல் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். டெல்பர்ட்டுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. அதைவிட, அந்த ஊரில் ரப்பர் எலும்புக்கூட்டை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

இதில் யாரை நோவது? சாவியைக் கொடுத்ததே அவர்தான். பண்டிகைக்கு வந்த மாமியார் வந்த மறுநாளே சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டார். காலையில் காப்பித் தூள் டப்பாவைத் தேடித் தேடி அலுத்துப்போன டெல்பர்ட், மனுஷி கொஞ்ச நேரம் வெளியே போனால் தேவலை என்று சாவிக் கொத்தை நீட்டினார். "கடைக்குப் பின்னாடி கொட்டகையில பூசணிக்காயும் சோளத்தட்டையும் இருக்கு அத்தை. வேலியை நீங்களே அலங்காரம் பண்ணிடுங்களேன்" என்றார். கொத்தில் கடைச் சாவியும் தொங்கிய விஷயம் அவருக்குத் தோன்றவே இல்லை.

"வேலியைத்தானே அலங்காரம் பண்ணச் சொன்னேன்?"

"வேலி முடிஞ்சிடுச்சு. கடையை எட்டிப் பார்த்தேன். விருந்தாளி வர்ற இடமா இது? என் பொண்ணோட மானம் போகாது?"

டெல்பர்ட் வீட்டுக்கு ஓடிப்போய் நோரீனைக் கூட்டிவந்தார். அவள் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். "சரி, மண்ணை வாரிப் போட்டாப் போச்சு. வெளியில மண்ணுக்கா பஞ்சம்?"

டெல்பர்ட் ஒரு பக்கெட் மண்ணை அள்ளிவந்து கை நிறையத் தூவினார். வெளியே இருந்தவரைக்கும் அது வெறும் மண். கல்லாப்பெட்டி மேல் விழுந்ததும் மிளகாய்ப் பொடி மாதிரி சிவந்து நின்றது. கடையின் பழைய தூசி சாம்பல் நிறம். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அதன் நிறம் அவருக்கு மனப்பாடம்.

"இதுக்கு நான் துடைச்சதே மேல்" என்றார் வெர்லா. யாரும் கேட்காமலே எலுமிச்சை எண்ணெயும் துணியுமாக வந்து மறுபடி துடைத்துக் கொடுத்தார். கடை முன்னைவிடப் பளபளத்தது.

"மைதா மாவும் அடுப்புச் சாம்பலும் கலந்தா அந்த நிறம் வரும்" என்றாள் நோரீன். வீட்டிலிருந்து சல்லடையை எடுத்துவந்து அவளே மெல்லச் சலித்துவிட்டாள். டெல்பர்ட் தள்ளி நின்று பார்த்தார். நிறம் அதேதான். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நோரீன், நீ மட்டும் இல்லைன்னா..."

"பாராட்டை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல ஏதாவது சாப்பிடுங்க. முகமே சரியில்லை."

சாப்பிடப் போனவர்கள் கதவைச் சாத்தினார்கள், பூட்டவில்லை. மலையில் திரியும் காட்டுக் கழுதைகளுக்கு நல்ல மூக்கு. திரும்பி வந்தபோது மாவு வாசனை பிடித்த ஒரு கழுதை கல்லாப்பெட்டி முன்னால் வாடிக்கையாளர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. மேஜை முழுக்க நாக்கால் நக்கிய தடம். டெல்பர்ட் கூச்சல் போட்டு விரட்டினார். போகிற போக்கில் அது சுவர்க் காலண்டரின் மேல் தாளைக் கவ்விக் கிழித்து மென்றுகொண்டே வெளியேறியது.

டெல்பர்ட் காலண்டரைப் பார்த்தார். நூறு வருஷமாக மார்ச் காட்டிய காலண்டர் ஏப்ரல் காட்டியது.

"ஒரு மாசம்தானே" என்றார் வெர்லா. "பெரிசு பண்ணாதீங்க மாப்பிள்ளை."

"இந்த ஊருக்கு ஏப்ரலே கிடையாது அத்தை! மார்ச்சோட முடிஞ்சுபோச்சு! அதுதானே கதையே!"

"என்கிட்ட எதுக்குக் கத்தறீங்க? கழுதையையா நான் கூட்டிட்டு வந்தேன்?"

டெல்பர்ட் முக்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அழுகை வந்தது, கோபம் வந்தது, பசியும் தீரவில்லை. ஆணியில் தொங்கிய பழைய தொப்பியை எடுத்துக் காலண்டர் மேல் மாட்டி ஏப்ரலை மறைத்தார். எச்சில் பட்ட மேஜையை வெர்லா மூன்றாம் தடவையாக எலுமிச்சை எண்ணெய் போட்டுத் தேய்த்தார்.

அப்போதுதான் டெல்பர்ட்டுக்கு அந்த யோசனை வந்தது. சாம்பல் நிறத்தில், மெத்தென்று, அசல் தூசி அவர் வீட்டிலேயே இருக்கிறது. வாக்யூம் கிளீனர் பைக்குள் இருக்கிறது.

நோரீன் பையைக் கழற்றி எடுத்துவந்தாள். பை வயிறு புடைத்திருந்தது. "இதை மாத்தி ரொம்ப நாளாச்சுங்க. சலிச்சுட்டுப் போடலாமா?"

"சலிக்கறதுக்கெல்லாம் நேரம் இல்லை. கார் சத்தம் கேக்குது!"

பையைக் கிழித்துத் தலைகீழாகப் பிடித்து டெல்பர்ட் கடை முழுக்க உதறினார். விசிறியால் வீசிப் பரப்பினார். மூலை முடுக்கெல்லாம் சாம்பல் நிறத் தூசி மெல்ல இறங்கிப் படிந்தது. மேகம் சூரியனை மறைத்திருந்த அந்த நிமிஷத்தில் கடை பழைய கடையாகவே இருந்தது. மூவரும் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

கார்லீன் காரை விட்டு இறங்கினாள். ஹாலோவீனுக்காகச் சூனியக்காரி தொப்பி வைத்திருந்தாள். முகத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. பின்னால் ஆர்வில் பெரியவர் ஊன்றுகோலோடு மெதுவாக இறங்கினார்.

"அப்பாவும் வரணும்னு அடம் பிடிச்சார்" என்றாள். "எனக்கும் ஹாலோவீன்னா இந்தக் கடைதான் ஞாபகம் வரும். சின்னதுல இந்தத் தூசியில ஒரு விரல் வெச்சேன்னு அப்பா என்கூட ஒரு நாள் பூரா பேசலை தெரியுமா? பண்டிகைக்கு வர்ற பாட்டியைக்கூடக் கடை வாசப்படி ஏற விட மாட்டார். அப்படிக் காப்பாத்தின தூசி. அதான் அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு இன்னும் பதில் சொல்லாம இருக்கேன்."

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

கார்லீன் உள்ளே நுழைந்து மூக்கைச் சுளித்தாள். "எலுமிச்சை வாசனை வருதே?"

"பேயா இருக்கும்" என்றார் வெர்லா. "இந்தக் கடைக்கார அம்மா பெரிய சுத்தக்காரியாம்."

டெல்பர்ட் மாமியாரை நன்றியோடு பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கார்லீன் நம்பவில்லை. சுவர்ப் பக்கம் போனவள் தொப்பி இடம் மாறியிருப்பதைக் கண்டு அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏப்ரல்?"

"கழுதை தின்னுடுச்சு" என்றார் டெல்பர்ட். அது முழு உண்மை. கேட்பதற்குத்தான் பச்சைப் பொய் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. வெர்லா துடைத்து வைத்த ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தடையில்லாமல் உள்ளே பாய்ந்தது. கடை முழுக்க மின்னியது. கல்லாப்பெட்டி தங்கமாக, தராசு பச்சையாக, தகர டப்பாக்கள் சிவப்பும் வெள்ளியுமாக ஜொலித்தன. போன கிறிஸ்துமஸில் நோரீன் மரத்துக்குத் தூவிய ஜிகினாப் பொடி அத்தனையும் அங்கே இருந்தது. நடு மேஜையில் குட்டியாக ஒரு காகித நட்சத்திரம் வேறு.

கார்லீன் ஒரு விரலால் மேஜையைத் தொட்டாள். விரல் மினுங்கியது.

"டெல்பர்ட், இது என்ன?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வெர்லா முன்னால் வந்தார். "நான்தான்மா துடைச்சேன். அழுக்கா இருந்துச்சு, மனசு கேக்கலை. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

காலையிலிருந்து மாமியாரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த டெல்பர்ட்டுக்கு அதைக் கேட்டு வெட்கமாகிவிட்டது. "சாவியை நான்தான் கொடுத்தேன். இந்தக் குப்பையைக் கொட்டினதும் நான்தான்" என்றார். "அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க."

"நூறு வருஷத் தூசி!" கார்லீன் மினுங்கும் விரலை நீட்டினாள். "எங்கப்பா உயிரா காப்பாத்தினது! அதைத் துடைச்சுட்டு வீட்டுக் குப்பையைக் கொண்டாந்து கொட்டியிருக்கீங்க. இதுக்கு ரப்பர் எலும்புக்கூடே தேவலை. இப்பவே அந்தக் கம்பெனிக்குச் சொல்லிடறேன்."

அவள் போனை எடுத்தாள். நோரீன் டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே காவல் வீட்டின் புகைபோக்கி தெரிந்தது. டெல்பர்ட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆர்வில் பெரியவர் ஊன்றுகோலை ஊன்றி மேஜையருகே வந்தார். தூசியில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டெல்பர்ட் பயந்தார். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போனை உள்ள வை கார்லீன்" என்றார். "நீ மூணாங்கிளாஸ் படிக்கறப்ப ஹாலோவீனுக்கு வந்த உன் பாட்டி இந்தக் கடையைச் சோப்புப் போட்டுக் கழுவி விட்டுட்டா. நானும் அன்னிக்கு வாக்யூம் பையைத்தான் கொட்டினேன். என்ன, நான் சலிச்சுட்டுக் கொட்டினேன்."