அதற்கு ‘அது’ என்று பெயர்

அரசாங்கம் ஒரு நோயை ஒழிக்க விரும்பினால் முதலில் ஓர் அறையை ஒதுக்கும். பிறகு அவ்வறைக்கு ஒரு பெயர்ப்பலகை செய்யும். அதன்பின், பலகையிலுள்ள பெயர் யாருடைய மனத்தையேனும் புண்படுத்துமா என்று ஆராயும். ஆற்றங்கரைக் குடியிருப்பில் வாழும் சிறுபான்மையினருக்கென எச்.ஐ.வி. தடுப்புப் பிரிவு தொடங்கப்பட்டபோது முதல் இரண்டு பணிகளும் செவ்வனே நிறைவேறின. மூன்றாவது பணி நிறைவேறிய விதத்தைப் பற்றியதே இவ்வரலாறு.

பலகை மாட்டிய அன்றே மேடையார் வந்துவிட்டார். குடியிருப்பில் எவர் மேடை போட்டாலும் அதன் நடு நாற்காலியில் காணப்படுபவராதலால் அவருக்கு அப்பெயர் வழங்கிற்று.

“என்ன சார் இது? இந்தப் பேரை எங்க தெருமுனையில மாட்டினா, எங்க ஜனங்களுக்கெல்லாம் அது இருக்குன்னு ஊர் நினைக்காதா?”

பிரிவின் பொறுப்பிலிருந்த துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அண்மையில்தான் வெளிநாடு சென்று ‘பண்பாட்டு நுண்ணுணர்வு’ பயின்று திரும்பியிருந்தார். பயின்றதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டுமிருந்தார்.

“எது இருக்குன்னு?”

“அதுதான் சார்.”

“ஓ! உங்க சமூகத்துல அதை ‘அது’ன்னுதான் சொல்லுவீங்களா?”

“பின்னே? நாலு பேர் இருக்கிற இடத்துல வேற எப்படிச் சார் சொல்றது?”

துணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. “மக்கள் மொழி!” என்றார்.

மறுநாள் ஆணை பிறந்தது. அந்நோய் இனி அவ்வளாகத்தில் ‘அது’ என்றே வழங்கப்பெறும். அதன் இயற்பெயரை உச்சரித்தல் சமூகத்தின் மனத்தைப் புண்படுத்திய செயலாகக் கருதப்பெறும். நோய் ‘அது’ ஆகிவிட்டபின், ஆணுறையை மட்டும் ஆணுறை என்று சொல்வது நாகரிகமாகுமா? அதுவும் ‘அது’ ஆயிற்று. இரண்டுக்கும் இடையில் நிகழ்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டா. இவ்வாறாக, பெரிய எழுத்தில் ஒரு சுவரொட்டி குடியிருப்பெங்கும் ஒட்டப்பட்டது:

“அது வராமலிருக்க, அதன்போது அதை அணிவீர்!”

“ஒரு வார்த்தையாவது புண்படுத்துதா, சொல்லுங்க பார்ப்போம்!” என்று துணை இயக்குநர் பெருமிதத்தோடு கேட்டார்.

புண்படுத்தவில்லை, புரியவுமில்லை. ஆனால் புரியவேண்டும் என்று ஆணையில் எவ்விடத்தும் குறிப்பிடப்படவில்லை. பால்காரர் அன்றுமுதல் இரவும் பகலும் தலைக்கவசத்தோடு நடமாடத் தொடங்கினார். சலவைக்கடைக்காரர் மழையங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு, ‘அது’ எப்போது தொடங்கும் என்று வானத்தைப் பார்த்தவண்ணம் இருந்தார். திட்டத்தின் முதல் அறிக்கையில், ‘அணியும் பழக்கம் மக்களிடையே வியக்கத்தக்க அளவில் பரவியுள்ளது’ என்று எழுதப்பட்டது. அதில் பொய் ஏதுமில்லை.

இந்நிலையில்தான் தையலக்கா அப்பிரிவின் படியேறினாள். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. கணவன் லாரி ஓட்டுபவன். எங்கோ தொலைவில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்த அவன், “எனக்கு எச்.ஐ.வி.ன்னு சொல்லிட்டாங்கம்மா. நீயும் உடனே பார்த்துடு. சீக்கிரம் தெரிஞ்சா குழந்தையைக் காப்பாத்திடலாமாம்” என்று தொலைபேசியில் அழுதிருந்தான். அவனை அப்புறம் திட்டிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிட்டு அவள் புறப்பட்டு வந்திருந்தாள்.

“என்ன வேணும்?” என்றார் எழுத்தர்.

“டெஸ்ட் எடுக்கணும்ங்க.”

“என்ன டெஸ்ட்?”

“அதாங்க, அதுக்கு.”

“எந்த அது? இங்க நோய்க்கும் அதுதான், மாட்டிக்கிறதுக்கும் அதுதான். வெறுமனே அதுன்னா நான் எதுக்குன்னு எழுதறது? வாயைத் திறந்து சரியான பேரைச் சொல்லுங்க.”

“எச்.ஐ.வி.”

எழுத்தர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். “ஐயோ, சொல்லிட்டீங்களே! சொல்லக் கூடாதுன்னு பலகை தொங்குது, கண்ணுல படலையா?”

“நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?”

“சொன்னாத்தான் டெஸ்ட் எழுத முடியும். சொல்லிட்டா உள்ளே விட முடியாது. நான் என்னம்மா பண்ணட்டும்?”

வழக்கு துணை இயக்குநரிடம் போயிற்று. அவர் அவளை உட்காரவைத்து, மிகுந்த கனிவோடு பேசினார்.

“உங்க சமூகத்தோட மனசைப் புண்படுத்திட்டீங்களேம்மா.”

“நானும் அந்தச் சமூகந்தான் சார். என் மனசு புண்படலை.”

“தனி மனசு கணக்குல வராதும்மா. மேடையார் மனசுதான் சமூகத்தோட மனசு. அப்படித்தான் ஆணை.”

“வயித்துல இருக்கிறதுக்கு ஆணை தெரியுமா சார்? அது பாட்டுக்கு வளருது.”

“எது?” என்று திடுக்கிட்டார் துணை இயக்குநர்.

“குழந்தை சார்.”

“குழந்தையை அதுன்னு சொல்லாதீங்க. குழப்பம் வரும். நீங்க பேசாம பொதுப் பிரிவுக்குப் போகலாமே?”

“அங்கதான் முதல்ல போனேன். உங்களுக்குன்னே தனிப் பிரிவு திறந்திருக்காங்களேன்னு இங்க அனுப்பிட்டாங்க.”

“பார்த்தீங்களா, உங்க மேல எவ்வளவு அக்கறை!” என்றார் துணை இயக்குநர். மனமார வருந்தி வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தார்.

யாருக்கும் பரிசோதனை செய்யப்படாமையால், அக்குடியிருப்பில் யாருக்கும் நோய் இல்லை என்பது விரைவிலேயே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. பாராட்டு விழாவுக்குத் தலைமை இயக்குநரே வந்தார். மேடையில் பட்டு விரித்த மேசைமீது பரிசோதனைக் கருவி, இதுகாறும் எவர் விரலும் படாத பளபளப்போடு வீற்றிருந்தது.

“நல்லா இருக்கே! இது எப்படி வேலை செய்யும்? யாராவது ஒருத்தரை வச்சுச் செயல்விளக்கம் காட்டுங்களேன்” என்றார் தலைமை இயக்குநர்.

செவிலி ஒரு விரலைத் தேடினாள். துணை இயக்குநர் மேடையாரைப் பார்த்தார். மேடையார் தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

“பெண்களுக்கு முதலிடம் கொடுக்கிறது எங்க பண்பாடு சார்” என்றார்.

தங்களுக்கு முதலிடம் தரும் பண்பாடு ஒன்று குடியிருப்பில் இருப்பது பெண்களுக்கே அன்றுதான் தெரியவந்தது. அவர்கள் வியந்து முடிப்பதற்குள் தையலக்கா மேடையேறி விரலை நீட்டிவிட்டாள்.

“குத்தும்மா. ஊசி எனக்குப் புதுசா?”

துளி இரத்தம் எடுக்கப்பட்டது. அந்த இடைவேளையில் மேடையார் குடியிருப்பின் ஒழுக்கம் குறித்துச் சொற்பொழிவாற்றினார். கருவியையே பார்த்துக்கொண்டிருந்த செவிலி, மெல்லக் குனிந்து தையலக்காவின் காதோடு பேசினாள்.

“அக்கா, இருக்கிற மாதிரிதான் காட்டுது. நாளைக்கு வாங்க, இன்னொரு தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணணும்.”

தையலக்கா மேசைவிளிம்பைப் பற்றிக்கொண்டாள். பட்டுத்துணி அவள் கைக்குள் கசங்கியது.

“குழந்தைக்கு?”

“மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சு, விடாமச் சாப்பிட்டா குழந்தைக்கு வராமப் பார்த்துக்கலாம். உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க.”

“என்ன முடிவு?” என்று தலைமை இயக்குநர் உரக்கக் கேட்டார்.

செவிலி நிமிர்ந்தாள். “கருவி நல்லா வேலை செய்யுது சார்.”

மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. தையலக்காவும் கசங்கிய துணியை நீவிவிட்டுக் கைதட்டினாள்.

மறுநாள் காலையில் பிரிவின் வாசலில் வரலாறு காணாத கூட்டம்.

“எதுக்கு வந்தீங்க?” என்றார் எழுத்தர்.

“செயல்விளக்கத்துக்கு.”

அச்சொல்லுக்குத் தடை ஏதும் இல்லை. எழுத்தர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். பால்காரர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வந்து, அதன் உண்மையான பயனை அன்று கண்டுகொண்டார். எல்லாருக்கும் கடைசியில், துண்டால் முகத்தை மூடிய ஒருவர் நின்றார்.

“நீங்க யாரு?”

“சமூகத்தின் சார்பில்” என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல், மேடைக்கே உரிய கம்பீரத்தோடு.

நாளடைவில் வேறொரு சிக்கல் முளைத்தது. ‘அது’ என்ற சொல்லைக் கேட்டாலே குடியிருப்பில் பெண்கள் தலைகுனிந்தனர், ஆண்கள் இருமினர். ‘அது எங்கே?’ என்று சாவியைத் தேடிய மாமியாரை மருமகள் முறைத்தாள். மேடையார் மறுபடியும் படியேறினார்.

“அதுன்னாலே எங்க ஜனங்க மனசு புண்படுது சார்.”

துணை இயக்குநர் ஆழ்ந்து சிந்தித்து, இனி அது ‘இது’ என்று வழங்கப்பெறும் என ஆணையிட்டார்.

தையலக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வளர்ந்து, தவழ்ந்து, எழுத்தரின் மேசைக்காலைப் பிடித்து நிற்கவும் தொடங்கியது. ஒருநாள் மாத்திரை வாங்கும் வரிசையில் தையலக்காவுக்குப் பின்னால் துண்டுக்காரர் நின்றிருந்தார்.

“பாப்பாவுக்கு... இது...?” என்றது துண்டு.

“கடைசி டெஸ்ட்டும் எடுத்தாச்சு அண்ணே. இதுக்கு அது இல்லை” என்றாள் தையலக்கா, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. “எனக்கும் மாத்திரையில நல்லா இருக்கு. உங்களுக்கு எப்படி?”

துண்டு ஒரு சுற்று இறுகியது.

“எனக்கு எதும்மா?”

வரிசையில் நின்ற அனைவரும் ஒரே நேரத்தில் மேற்கூரையை ஆராயத் தலைப்பட்டனர். எழுத்தர் மட்டும் பேனாவை எடுத்தார். ‘இது’வும் கெட்டுப்போகும் நாளில் வைத்துக்கொள்ள ‘எது’ கிடைத்துவிட்டது.