மார்டின்டாரில் ஒரு மனசாட்சிப் பெட்டி

கணவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவரிடமே கேட்டுவிடலாம். அது சாதாரணப் பெண்களின் வழி. இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவள் அதற்கு ஓர் இயந்திரம் செய்வாள்.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்திருந்த சமயம். நாங்கள் தஞ்சாவூரிலிருந்து மகளோடு வந்து, அங்கே மார்டின்டார் என்ற பேட்டையில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியை, அவர் விமான நிலையத்தில் இன்ஜினியர். இந்தியக் குடும்பங்கள் பயந்து நாட்டை விட்டுக் கிளம்ப, தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஆக்லாந்தில் வேலை கிடைத்து, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "போகலாமா?" என்றால், "உன் இஷ்டம்" என்பார். "நீங்க சொல்லுங்க" என்றால் பேப்பரைப் பிரித்துக்கொள்வார் (காலையில் படித்து முடித்த அதே பேப்பர்).

அந்த வாரம் கோயில் திருவிழாவில் எங்கள் பள்ளிக்கு ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். விடுவேனா? 'மனசாட்சிப் பெட்டி' என்று ஆளுயர மரக்கூண்டு ஒன்று செய்தேன். வாசலுக்குத் திரையாக அவருடைய வெள்ளை வேட்டி. உள்ளே எதிரே கண்ணாடி, அதன் மேல் ஒரு பல்பு, தரையில் இரண்டு மிதிகட்டைகள். 'இருப்பேன்' என்பதை மிதித்தால் பல்பு எரிந்து, காகித மாலை கழுத்தில் இறங்கும். 'கிளம்புவேன்' என்பதை மிதித்தால் பல்பு எரிந்து, அட்டை சூட்கேஸ் கைப்பக்கம் வந்து தொங்கும். அந்தக் கோலத்தில் தன்னைத் தானே பார்த்து, யாருக்கும் தெரியாமல் சிந்திக்க வேண்டும். பட்டப்பகலில் சமையலறையில் சோதித்துப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விழாவில் இருட்டியதும்தான் பெட்டியைத் திறந்தோம். முதல் ஆள் கோயில் தலைவர். ஃபிஜியிலேயே பிறந்தவர். சற்று முன்புதான் மைக்கில், "நம்ம ஆளு ஒருத்தனும் இந்த ஊர வுட்டுப் போவக் கூடாது!" என்று முழங்கியிருந்தார். உள்ளே போனார். கூட்டம் ஆர்ப்பரித்தது. என் மேதைமைக்குத்தான் இந்த வரவேற்பு என்று பக்கவாட்டில் நின்று பணிவாகத் தலையசைத்தேன்.

தலைவரின் மனைவி, "அரே, பத்தி புஜாவோ! வெளக்க அணைம்மா!" என்று அலறியபோதுதான் முன்னால் வந்து பார்த்தேன். வேட்டியில் தொப்பை உட்படத் தத்ரூபமாகத் தலைவரின் நிழல். கையில் சூட்கேஸ். (எட்டாம் வகுப்புக்கு 'ஒளியும் நிழலும்' நடத்துவது யார் என்று கேட்காதீர்கள்.)

அதற்குப் பிறகு வரிசை அனுமார் வாலாக நீண்டது. உள்ளே போக அல்ல, அடுத்தவரை உள்ளே தள்ள. பல்பைப் பிடுங்கலாம் என்று ஓடினேன். அதற்குள், பின்பக்கம் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், ஒன்றும் அறியாமல் உள்ளே நுழைந்துவிட்டார். நான் பிடுங்கவில்லை. திங்கட்கிழமை வருகிறதே!

திரையில் நிழல் விழுந்தது. கழுத்தில் மாலை, கையில் சூட்கேஸ். மனிதர் இரண்டையும் மிதித்திருந்தார்.

"மாப்பிள்ளை காசி யாத்திரை கிளம்பிட்டார்! யாராவது குடை கொடுங்கோ!" என்றார் குருக்கள். கோயிலே சிரித்தது. நிழல் மட்டும் அசையாமல் நின்றது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டது. இவ்வளவு நாளும் இந்த மனிதரை அழுத்தக்காரர் என்றல்லவா நினைத்திருந்தேன்!

வெளியே வந்தவர் மெதுவாக, "எந்தக் காலை எடுக்கணும்னு நீ சொல்லு சரசு, எடுத்துடறேன்" என்றார். "அது சரி, நீ உள்ளே போய்ப் பாத்தியா?"

நானா? செய்தவள் எதற்குப் போக வேண்டும்? ரோஷத்தோடு போனேன். வெளியே சத்தம் அடங்கிவிட்டது. எந்தக் கட்டையிலும் எனக்குக் கால் போகவில்லை. மிதிக்காமல் நிற்பவர்களுக்கென்று நான் ஒன்றுமே செய்து வைத்திருக்கவில்லை. பல்பு எரியவில்லை, நிழலும் விழவில்லை. கடைசியில் அவர் குரல்தான் கேட்டது: "சரசு, பிரசாதம் தீந்துடும், வா."

திங்கட்கிழமை வந்தது, போனது. தலைவர் இப்போது பிரிஸ்பேனில் சௌக்கியம். நாங்கள் இன்னும் மார்டின்டாரில்தான், முடிவெடுத்து ஒன்றும் அல்ல. புடவைக் கடையில் பச்சையா நீலமா என்று நான் தயங்கினால் போதும், "அம்மா பெட்டிக்குள்ள போயிட்டாங்க" என்பாள் என் மகள்.

கடைக்காரர் வேறு, "லைட் போடட்டுமா டீச்சர்?" என்கிறார்.