பின்சீற்று றொக்கற்

ஸ்காபரோவில் காருக்கு மிகவும் பயந்த மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் றொக்கற் என்று சொல்வேன். அதற்கு முன்பு ஸ்காபரோ முழுவதும் அவருடைய காருக்குப் பயந்துகொண்டிருந்தது.

றொக்கற் என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை, கார் ஓடுகிற வேகத்தால் வந்தது. அவருடைய மனைவி மாலினியும் நானும் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவர்கள். எழும்ப முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். எனக்குக் கார் ஓடத் தெரியாது. மாலினி லைசென்ஸ் எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். ஆகவே றொக்கற்தான் தன் வேலைக்குப் போகிற வழியில் எங்களை இறக்கிவிடுவார். இறக்கிவிடுவார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். எறிந்துவிட்டுப் போவார். ஒரு கையில் தேத்தண்ணீர், மற்றக் கையில் போன், ஸ்டியரிங் முழங்காலில். நான் கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பழைய உடுப்போடா சாகப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டு போவேன்.

"அண்ணை, மெல்லப் போங்கோ!"

"பயமெண்டால் பஸ்ஸிலை வாரும் தங்கச்சி."

பஸ்ஸிலேயே போயிருக்கலாம். ஆனால் குளிரில் யார் நிற்பது?

ஒருநாள் பக்கத்து நகரமான பிறம்ரனுக்குத் தனியாகப் போனவரை 401 நெடுஞ்சாலையில் பொலிஸ் மறித்தது. வேகத்தைக் காட்டிய கருவி பழுதோ என்று பொலிஸ்காரன் அதைத் தட்டிப் பார்த்தானாம். அந்த இடத்திலேயே காரையும் கொண்டுபோனார்கள், லைசென்ஸையும் பறித்தார்கள்.

காரும் லைசென்ஸும் பிறகு திரும்பி வந்தன. இன்சூரன்ஸ் வரவில்லை. இந்த நாட்டில் அது இல்லாமல் காரை வீதியில் இறக்க முடியாது. அவரைப்போல ஓடுகிறவர் ஒரு வீட்டில் இருந்தாலே வீட்டிலுள்ள மற்றவர்களின் இன்சூரன்ஸும் எகிறும். இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிற தமிழ்ப் புரோக்கர் சொன்ன தொகையைக் கேட்டு மாலினி தண்ணீர் கேட்டாள். ஒரேயொரு வழிதான் இருந்தது. இன்சூரன்ஸ் மாலினிக்கு மட்டும். றொக்கற் அந்தக் காரை ஒருபோதும் ஓடமாட்டேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

"அண்ணை, வடிவாக் கேளுங்கோ," என்றான் புரோக்கர். "நீங்கள் ஒருக்கா ஓடி எங்கையும் இடிச்சியளெண்டால் கொம்பனி ஒரு சதமும் தராது. அக்காவின்ரை இன்சூரன்ஸையும் வெட்டுவாங்கள். பிறகு அக்கா எப்பிடி வேலைக்குப் போறது?"

அன்றைக்குப் பிடித்தது பயம். அதற்குப் பிறகு எப்போதும் மாலினி ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், றொக்கற் பின்சீற்றில். முன்சீற்றில் இருந்தால் தான் ஓடியதாக யாராவது சொல்லிவிடுவார்களாம். கார்ச் சாவி நிலத்தில் விழுந்தால் குசினியிலிருந்து இடுக்கி கொண்டுவந்து எடுத்துக் கொடுப்பார். காரில் கிடக்கும் பனியைக்கூடத் தட்டமாட்டார். நாங்கள் இரண்டு பொம்பிளைகள் விறைத்துப்போய்த் தட்ட, அவர் நடைபாதையில் நின்று, "அந்தப் பக்கம் இன்னும் கிடக்குது தங்கச்சி," என்பார். நான் ஏசிய ஏச்சை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அச்சடிக்கமாட்டார்.

பொலிஸ் காரைக் கண்டால் பின்சீற்றில் இரண்டு கைகளையும் உயர்த்துவார். தான் ஓடவில்லை என்று காட்டுகிறாராம். நாங்கள் ஓர் ஆளைக் கடத்திக்கொண்டு போகிறோம் என்று நினைத்துப் பொலிஸ் எங்களை மறித்தது.

"சேர், நான் ஓடேல்லை!" என்று அழாக்குறையாகக் கத்தினார், தமிழில். "சத்தியமா நான் ஓடேல்லை!"

மாலினி லைசென்ஸைக் காட்டி, அவர் தன் புருசன்தான் என்று விளங்கப்படுத்த வெகுநேரம் எடுத்தது. எனக்குக் கோபம் நிற்க இன்னும் கூட எடுத்தது.

பிறகு அந்தக் காலை வந்தது. மோர்னிங்சைட் வீதியில் ஒரு பிளாசா, கடைத்தொகுதி. கார் நிற்பாட்டும் இடம் வீதிப் பக்கம் சரிந்து கிடக்கும். எங்களுக்குக் குளிரும் என்று என்ஜினை நிறுத்தாமல் விட்டுவிட்டு, மாலினி காலைச் சாப்பாட்டுக்குக் கடையில் றோல்ஸ் வாங்க இறங்கினாள். அவசரத்தில் கியரைச் சரியாகப் போடவில்லை.

கார் மெல்லப் பின்னுக்கு உருண்டது. முதலில் பக்கத்துக் கார்தான் போகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வீதியில் பஸ் வருகிறது. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டேன். எதை அமத்துவது, எதை இழுப்பது, ஒன்றும் தெரியாது.

"அண்ணை, எதையாவது பிடியுங்கோ!"

"ஐயோ, நான் தொடக்கூடாது! கையெழுத்து வைச்சிருக்கிறன்!"

"நாசமாப் போச்சு உங்கடை கையெழுத்து! சாகப்போறம் அண்ணை!"

பஸ் ஹோர்ன் அடித்தது. அப்போது இரண்டு சீற்றுக்கும் நடுவால் ஒரு கை பாய்ந்து வந்து ஹாண்ட் பிறேக்கை இழுத்தது. கார் வீதி விளிம்பில் நின்றது. பஸ் உரசுகிற மாதிரிப் போக, எங்கள் கார் ஒருமுறை ஆடியது.

உயிரோடு இருக்கிறாயா என்று மனுசன் கேட்கவில்லை. "ஆரும் கண்டவையோ?" என்று கேட்டார். முகம் சாம்பல். கதவைத் திறந்து, பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடினார். புரோக்கரின் கந்தோர் அதே பிளாசாவில்தான். றோல்ஸோடு ஓடிவந்த மாலினியிடம் காரை விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

"தம்பி, நான் தொட்டிட்டன்," என்று அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "பிழை என்ரை. என்னை என்னவும் செய்யுங்கோ. மாலினியின்ரை இன்சூரன்ஸை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ."

நடந்ததை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. புரோக்கர் சிரித்துவிட்டான்.

"அண்ணை, ஓடினால்தான் குற்றம். நிப்பாட்டினதுக்கு ஆரும் வெட்டமாட்டினம். இருங்கோ, ரீ குடியுங்கோ."

றொக்கற் இருந்தார். முழங்காலால் கார் ஓடிய மனுசனுக்கு, இரண்டு கையாலும் பிடித்தும் கோப்பை தளும்பியது. அன்றைக்கு மட்டும் நான் ஏசவில்லை.

அடுத்த நாள் முதல் அவர் பின்சீற்றின் நடுவில் இருந்தார். கார் வெளிக்கிட்டதும் வலது கையை எங்கள் இருவருக்கும் நடுவால் நீட்டி, ஹாண்ட் பிறேக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்திருப்பார். தொடமாட்டார். எடுக்கவும் மாட்டார். அவருடைய குளிர்க் கோட்டின் கை என் தோளை இடித்துக்கொண்டே இருக்கும்.

அவர் செய்த எல்லாவற்றுக்கும் நான் ஏசியிருக்கிறேன். அந்தக் கையை எடுங்கோ என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. பனி உறைந்த நாட்களில் நான் வீதியைப் பார்ப்பதில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு போவேன்.